ஒரு சொட்டும் சிந்தவில்லை

காலைத் தேத்தண்ணி நேரம் வந்துவிட்டால் என் கண் தானாகவே கண்ணாடியைத் தேடிப் போகும். கொழும்பில் நான் வேலை செய்யும் புடவைக் கடைக்கும் கண்ணாடிக் கதவுதான். அதற்கு அந்தப் பக்கம் பஸ் போகும், ஆட்டோ போகும், குடையை விரித்துக்கொண்டு ஆட்கள் போவார்கள். மலை மட்டும் இல்லை. மலையில் நின்று கையைத் தூக்கும் என் அம்மாவும் இல்லை. இத்தனை வருஷமாகியும் இந்தக் கண்ணுக்குப் புத்தி வரவில்லை. அது தேடும், ஏமாறும், நான் அதைத் திட்டிவிட்டுப் புடவையை மடிக்கப் போவேன்.

என் மனதில் இருக்கிற கண்ணாடி வேறு. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பாதையில், ஒரு வளைவில், எங்கள் தோட்டத்துக் கம்பனி கட்டிய டீ சென்டர் அது. வேனில் வருகிறவர்கள் இறங்கி, டீ குடித்து, இரண்டு பாக்கெட் தேயிலை வாங்கி, நாலு படம் பிடித்துக்கொண்டு போகிற இடம். தோட்டத்துப் பிள்ளைகளில் மூன்று மொழியையும் ஒருவாறு ஒப்பேற்றக்கூடியவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. லயத்தில் வரிசையாக இருக்கிற ஒவ்வொரு காம்பிரா வீட்டிலும் ஏறி இறங்கி, "எம்மக பெரட்டுக்கு நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். விடியக் காலையில் பெரட்டுக்களத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு, இன்றைக்கு எந்த மலை, எந்தச் செடி நெரை என்று கங்காணி வாயைப் பார்த்து நிற்கிற வாழ்க்கை அவளோடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

சென்டரின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குக் கீழே சரிவாகத் தேயிலை இறங்கிப் போகும். கொழுந்து எடுக்கிற மலை சுற்றிச் சுற்றி வருமல்லவா, எங்கள் கண்ணாடிக்குக் கீழே வருகிற நாட்கள் எனக்குத் திருவிழா நாட்கள். காலையில் மேசை துடைக்கும்போதே அம்மாவைத் தேடிப் பிடித்துவிடுவேன். இடுப்பில் ஈரம் படாமல் கறுத்த படங்குத் துண்டு, தலையில் என் பழைய ஸ்வெட்டரைக் கட்டியிருப்பாள். தேத்தண்ணி நேரத்தில் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி வலது கையைத் தூக்குவாள். கங்காணி பார்த்துவிட்டால் தலையைச் சொறிகிற மாதிரி இறக்கிவிடுவாள். நானும் கையைத் தூக்குவேன். கையில் மேசை துடைக்கிற துணி இருந்தால் துணியோடு தூக்குவேன். இதைப் பற்றி வீட்டில் நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

டீ ஊற்றுவது, பாக்கெட் விற்பது மட்டும் எங்கள் வேலை இல்லை. படத்துக்கு நிற்பதும் வேலைதான். பச்சைப் புடவை கம்பனி கொடுத்தது. நெற்றியில் பொட்டு, மூக்கில் ஒட்டுகிற மூக்குத்தி, முதுகில் கூடை. உண்மையில் கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு முதுகில் நைலோன் பை. ஒரு கொழுந்தும் எடுக்காத எனக்குப் பளபளவென்று வார்னிஷ் அடித்த பிரம்புக் கூடை. கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கோப்பை டீயை ஏந்திக்கொண்டு சிரிக்க வேண்டும். "கம்பனிக்கு இதான் வேணும் நங்கி" என்று எங்கள் மனேஜர் சங்கடத்தோடு சொல்வார். சிங்களவர், நல்ல மனிதர், எங்களைத் தங்கச்சி முறை வைத்து நங்கி என்றுதான் கூப்பிடுவார். கல்லாவில் நிற்கிற அக்கா மட்டும் என்னைப் பார்த்து, "ஏ புள்ள, கூடைய மாட்டுனா நல்லாத்தான்டி இருக்க, பேசாம மலைக்கே போயிரு" என்று வம்புக்கு இழுப்பாள். அவளுக்கும் அதே கூடைதான், அதே மூக்குத்திதான்.

நான் கொழுந்து எடுத்ததே இல்லை என்று சொன்னது முழுக்க உண்மையில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவோடு போய் அவள் நெரையில் நிற்பேன். பறிக்கிறதை விட எறிகிறதுதான் எனக்குப் பிடிக்கும். இரண்டு கையும் நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் பின்பக்கம் எறிய வேண்டும். கூடையின் வாய் எங்கே இருக்கிறது என்பது முதுகுக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்கு இல்லை. கீழே சிந்தினால் அம்மா பின்னந்தலையில் ஒன்று வைப்பாள். அந்தப் பழக்கம் எனக்குக் கையோடு ஒட்டிவிட்டது. லயத்தில் அழுக்குத் துணியைக்கூட அப்படித்தான் எறிவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. இரண்டு மூன்று குடும்பமாக வந்திருந்தார்கள். அவர்களும் தமிழ்தான் பேசினார்கள். அதிலே ஒருவர், ஐம்பது வயது இருக்கும், உள்ளே வந்ததிலிருந்து தங்கச்சி தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் இவர் என்று மரியாதையாக எழுதுகிறேன், எழுத்துக்காகத்தான். மனதுக்குள் வேறு விதமாகத்தான் வருகிறது. டீயைக் கொடுக்கப் போனால் கோப்பையை விட்டுவிட்டு விரலைப் பிடிப்பார். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தேன். பிறகு படம் பிடிக்க வேண்டும் என்றார். கூடையை மாட்டிக்கொண்டு, முதல் வேனுக்கு ஊற்றி ஆறிப்போயிருந்த கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் நின்றேன்.

முதல் படத்துக்குத் தோளில் கை போட்டார். விலகி நின்று, "கை போடாதீங்க சேர்" என்றேன். சிரித்தார். "ஏன் தங்கச்சி, நாங்க என்ன அந்நிய ஆக்களா?" என்று கேட்டுவிட்டுக் கூடைக்குப் பின்னால் போனார். கூடைக்கும் என் முதுகுக்கும் நடுவில் கையை விட்டு இடுப்பைப் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, கிள்ளினார். படத்தில் முகம் விழ வேண்டும் என்று என் வலது தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். அதாவது, கூடையின் வாய்க்கு நேராக.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எத்தனையோ செய்திருக்கலாம். கை தானாக எழும்பி, தோளுக்கு மேலால், திரும்பிப் பார்க்காமல், கொழுந்து எறிகிற மாதிரி எறிந்தது. டீ முழுக்க அவர் முகத்தில். கோப்பை கூடைக்குள் போய் விழுந்து டொக் என்று ஒரு சத்தம். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அந்த ஒரு நொடி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரே கூச்சல். சூடு இல்லாத டீ, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெள்ளைச் சட்டை போய்விட்டது, மானமும் போய்விட்டது அல்லவா. வெளியே ஓடிப்போய் வாசலில் நின்று, மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினார். தலைமை ஆபீசுக்குச் சொல்வேன், ஃபோனில் படத்தோடு போடுவேன், இந்தக் கடையை மூட வைப்பேன். கல்லா அக்கா பயப்படாமல் மனேஜரிடம் போய், "சேர், அவரு இடுப்புல கை வச்சாரு, நான் கண்ணால பாத்தேன்" என்றாள். மனேஜர் மெதுவாக, "நானும் பாத்தது" என்றார்.

மனேஜர் என்னைத் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நங்கி, சொரி சொல்ல வேணாம். கை வழுக்கிச்சு சொல்லுங்க. அது மட்டும் போதும். மிச்சம் நான் பாக்கிறேன்." அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. கிள்ளியது அவன், வழுக்கியது என் கையா? ஆனால் அந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே மலை தெரிந்தது. இந்த இடத்தை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? ஒரு பொய்தானே, சொல்லிவிட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தேன். கத்திவிட்டு உள்ளே வந்திருந்த அந்த மனிதர் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் கொழுந்து கூடிவிட்டதென்று பெண்கள் கைக்காசுக்கு, அன்றைய கூலி அன்றே கையில் கிடைக்கும் என்று, மலைக்கு வந்திருந்தார்கள். கூச்சல் கேட்டு, பாதி நிறைந்த பையோடு சரிவில் ஏறி வந்திருந்தாள். காலில் சேறு, முழங்கால் வரை ஈரம். வழவழவென்று இருந்த தரையில் கால் வைக்கக் கூச்சப்பட்டு வாசல் மிதியடியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு தொரை?" என்று கேட்டாள். கடை மனேஜரையும் அவளுக்குத் தொரை என்றுதான் கூப்பிட வரும்.

மனேஜருக்கு உயிர் வந்தது. "ஒண்ணுமில்ல அம்மா. ஒங்க மக கை வழுக்கி டீ ஊத்திருச்சு. சின்ன விசயம்."

அம்மா என்னைப் பார்த்தாள். என் முதுகில் இருந்த கூடையைப் பார்த்தாள். பிறகு சேற்றுக் காலோடு உள்ளே வந்து, நான் நின்ற இடத்தின் தரையைக் குனிந்து பார்த்தாள். கூடைக்குள் கையை விட்டுக் கோப்பையை எடுத்தாள். எனக்குப் பகீரென்றது. என் அம்மாவை எனக்குத் தெரியும்.

"கை வழுக்குனா கீழதானே தொரை சிந்தும்? தரையில ஒரு சொட்டு இல்லையே. கோப்பையும் கூடைக்குள்ள கெடக்கு." அவள் குரல் உயரவில்லை. நிறுவைக்காரன் கிலோவைக் குறைத்துச் சொன்னால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். "எம்மகளுக்குக் கை வழுக்காதுங்க. நான் பழக்குன கை."

மனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அந்த மனிதர் பக்கம் திரும்பினாள். "இது கொழுந்து விழுற எடம் ஐயா. ஒங்க மொகம் எதுக்கு அங்கிட்டு வந்துச்சு?"

அவரோடு வந்த பெண் ஒருத்தி, மனைவியாக இருக்க வேண்டும், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனேஜரிடம் திரும்பினார். "கேட்டீங்கதானே? வேணுமெண்டுதான் ஊத்தியிருக்கு. பெத்த தாயே சொல்லுறா." அதோடு என் வேலை முடிந்தது. அன்றைக்கே பச்சைப் புடவையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காலையில் போட்டு வந்த சட்டைக்கு மாறினேன். கல்லா அக்கா ஒட்டு மூக்குத்தியைத் தானே கழற்றிவிட்டு, என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையில் அம்மாவோடு சண்டை பிடித்தேன். "ஒரு நிமிசம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லம்மா? ஆமா, வழுக்கிருச்சுன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிருவ?"

"எனக்கு அப்ப அது தோணல புள்ள" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "கீழ ஒரு சொட்டுகூட சிந்தல" என்றாள். அதில் ஒரு பெருமை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

அதற்குப் பிறகு அந்த மலை சுற்றி வந்தாலும் அம்மாவுக்கு மேல் நெரை கிடைக்கவில்லை. கங்காணிக்கு யார் என்ன சொன்னார்களோ, அடியில் ஆற்றோரத்து நெரைதான் கொடுத்தான். அங்கிருந்து சென்டரின் தகரக் கூரைகூடத் தெரியாது. தெரிந்தாலும் என்ன, கண்ணாடிக்குப் பின்னால் நான்தான் இல்லையே. பக்கத்து லயத்துப் பெண்ணொருத்தி கொழும்பில் புடவைக் கடைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னாள். பையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

கொழும்பில் மட்டும் மனிதர்கள் வேறா? கல்யாணப் புடவை பார்க்க வந்த ஒரு அம்மாள் நிறம் சரியில்லை என்று புடவையை என் முகத்தில் எறிந்தார். ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மலைநாட்டாளா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு நீ நான் என்று பேச ஆரம்பித்தார். அங்கே நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன். முதலாளி என்னைப் பொறுமைசாலி என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவார். எனக்குப் பொறுமை ஒன்றும் இல்லை. கையில் கோப்பையும் இல்லை, முதுகில் கூடையும் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே வேர்த்துக் கொட்டும். அம்மாவிடம் ஃபோனில், "அங்க குளிரா?" என்று கேட்பேன். "குளிராம?" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் போதும். போர்வைக்குள்ளே அவள் காலோடு என் காலை ஒட்டிக்கொண்டு படுத்தது, அடுப்பில் பச்சை விறகு புகைந்தது, பனியில் மலை காணாமல் போய் மறுபடி வந்தது, எல்லாம் வேண்டும் எனக்கு. எல்லாவற்றையும் விட அந்தக் கண்ணாடி வேண்டும். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரைத் தேடுவார்கள். நான் ஊரில் ஒரு சுவரைத் தேடுகிறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு வயது போய்விட்டதென்று தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள். இனிப் பெரட்டு இல்லை, நெரை இல்லை. சும்மா இருக்கத் தெரியாமல் வாசலைக் கூட்டிக் கூட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு மறுநாள் காலையில் அவளுக்குப் புதுப் புடவையைக் கட்டிவிட்டு, "வாம்மா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்று சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தாள். நான் விடவில்லை. மனேஜர் மாறியிருந்தார். கல்லா அக்கா மட்டும் அங்கேயே இருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க பாரு, ஒன் வேலைக்கு ஆள் வந்துருச்சு" என்று காட்டினாள். பலகையில் வெட்டி வர்ணம் அடித்த ஒரு பெண். பச்சைப் புடவை, கூடை, கையில் கோப்பை எல்லாம் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வருகிறவர்கள் பின்னால் போய் அதில் தங்கள் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். நான் போனதற்குப் பிறகு பிள்ளைகளைப் படத்துக்கு நிற்க வைப்பதில்லையாம். "ஒன் புண்ணியம்" என்றாள் அக்கா.

கண்ணாடியோரத்து மேசையில் அம்மாவை உட்கார வைத்தேன். அக்கா நல்ல கோப்பையில் டீ கொண்டுவந்து வைத்தாள். அம்மா அதைத் தொடவில்லை. கீழே மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த மலைதான் முறை. பெண்கள் நெரையில் நின்றிருந்தார்கள், யார் யார் என்று முகம்கூடத் தெரிந்தது.

"இங்கருந்து இவ்வளவு நல்லாத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாம? நீ கையத் தூக்குனா நானும் இங்க நின்னுதானே தூக்குவேன்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீயும் தூக்குவியா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவள் சொன்னாள், "கீழருந்து பாத்தா இந்தக் கண்ணாடியில மேகந்தான் தெரியும் புள்ள. உள்ள ஒண்ணுமே தெரியாது. ஒன்னைய ஒரு நாளும் நான் பாத்ததில்ல."

"அப்புறம் யாரப் பாத்தும்மா கையத் தூக்குன?"

"நீ அங்கதானே இருப்ப" என்றாள்.

அன்றைக்குக் கூச்சலில்கூட அவள் எதையும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கை வைத்ததையும் பார்க்கவில்லை, நான் எறிந்ததையும் பார்க்கவில்லை. காய்ந்த தரையையும் கூடையையும் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து நின்றிருக்கிறாள்.

"இங்கயே இரு, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன். படிக்கட்டில் இறங்கி, மேல் நெரையில், அவள் முன்பு நின்ற இடத்துக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். கண்ணாடி முழுக்க வெள்ளை மேகம். மேசையும் இல்லை, கல்லாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கையைத் தூக்கினேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் யாருக்குக் கை காட்டுகிறது இந்தப் பைத்தியம் என்று பார்த்தார்கள். இறக்க மனம் வராமல் கை வலிக்கும் வரை அப்படியே நின்றேன்.

திரும்பி மேலே வந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "நானும் தூக்குனேன்" என்றாள். "தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சும்மா" என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றைக்கு ஒரு சின்னப் பொய்யை விட்டுக்கொடுக்காமல் என் வேலையையே போக்கிவிட்டவள், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போயிருந்த டீயை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து முடித்தாள்.